ஐந்தாவது ஆணி

ஞாயிற்றுச் சந்தையில்
காரட் மூட்டைகளுக்குப் பின்னால்
தராசில் கிடந்தது.
"இரும்புக்கு மட்டும் காசு குடுக்கா,
மரத்துக்கு வேணாம்" என்றான் காயலான்கடைக்காரன்.

நாயுடுபுரம் ஒர்க் ஷாப்பில்
பஞ்சர் பார்க்கும் தொட்டிக்கு மேலே மாட்டினேன்.
வந்தவர்களெல்லாம் பெயர் வைத்தார்கள்.
கிட்டார் குட்டி.
கழுத்து முளைத்த தப்பு.
பால்வண்டி சேவியருக்கு அது சப்பாத்திக் கல்.

"பேஞ்சோவாம்ல" என்றேன் அமலதாசிடம்.
"யாரு சொன்னா? பேஞ்சோவுக்கு
டைப்ரைட்டர் மாதிரி கட்டை இருக்கும்.
மூஞ்சிக்கல் கச்சேரியில நானே வாசிச்சவன்."
அதற்குமேல் பேச்சில்லை அவருக்கு.

எனக்கு எதையும் அறிய ஒரே வழிதான்:
நட்டுகளை எண்ணுவது.
வளையத்தைச் சுற்றி இருபத்துநாலு கொக்கி.
இருபத்துமூன்று ஒரே அச்சு,
ஒன்று மட்டும் வளைத்து மாட்டிய சைக்கிள் ஸ்போக்.
தலையில் நாலு ஆணி.
ஐந்தாவது,
தப்பான ஸ்டாப்பில் இறங்கிவிட்ட ஆள்போல,
பாதிக் கழுத்தில் தனியாக.

ஸ்கூட்டியை விட வந்த லைப்ரரி மார்சலின்
அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னாள்:
"இது அமெரிக்காப் பேஞ்சோ.
அமலதாசண்ணனோடது
பேரை மட்டும் வாங்கிக்கிட்ட வேற வாத்தியம்."

முதுகு திறந்தே இருந்தது. டார்ச் அடித்தேன்.
உள்கட்டையில் தேய்ந்துபோன நாலு எண்கள்,
செய்தவன் பெயர் இருந்த இடத்தில் ஒரு வழவழப்பு.
அதற்குக் கீழே பென்சிலில், தமிழில்:
"தோல் மாத்தியது. ஆடு. வத்தலக்குண்டு.
ரெண்டு ரூபாய். பாக்கி எட்டணா."
பாக்கி வந்ததா என்று எழுதவில்லை.
கடல் தாண்டி வந்த உடம்புக்கு
நம்மூர் ஆட்டின் தோல்.
எந்த ஊர் என்று இனி யாரைக் கேட்க?

உடைந்த காரம்போர்டு சட்டத்தில் குதிரை செதுக்கினேன்.
நாலு தந்திக்கு மதுரை போய் வந்தான் சேவியர்.
குட்டைத் தந்தி கிடைக்கவில்லை.
கிளட்ச் வயரைப் பிரித்து
ஓர் இழை எடுத்தேன். பிடித்துக்கொண்டது.

நாலு மணிக்கு மஞ்சு இறங்கினால்
தோல் தொய்ந்து
ஜலதோஷம் பிடித்த குரல்.
டீ ஸ்டவ் பக்கம் இரண்டு நிமிடம் காட்ட வேண்டும்.
மெல்ல மெல்ல விறைத்து, பிறகு
தகரக் கூரையில் ஆலங்கட்டி!
கட்டைவிரல் குட்டைத் தந்தியில்
ஒரே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அடம்பிடிக்க
மற்ற விரல்கள் அதோடு சண்டைக்குப் போகின்றன.
கிரீஸ் நகங்கள். ராகம் தெரியாது, பாட்டும் தெரியாது.
சிரிப்புதான் வருகிறது எனக்கு,
காரணம் இல்லாமல், சத்தமாக.

நேற்று அமலதாஸ் பெட்டியோடு வந்தார்.
கட்டை வைத்த தன்னுடையதைப் பிரித்து
பழைய டயர்மேல் உட்கார்ந்தார்.
"இது பேஞ்சோ இல்ல" என்றார் மறுபடியும்,
"சுதி என்ன, சொல்லு."

மார்சலின் எட்டிப் பார்த்தாள்,
"அக்கா, வண்டி ரெடியா?"

தோல் சூடாக இருந்தது.
"நாளைக்கு" என்றேன்.