அறுநூற்றுப் பத்து மில்லி

மாரிக்குப்பத்தில் ஏறி உட்கார்ந்தவளின் மடியில்
துணிப்பை; அதற்குள் மஞ்சள் கேன்.
பக்கத்தில் இருந்தவள் கேட்டாளாம், "நல்லெண்ணெயா?"
"ஆமா, செக்குல ஆட்டினது" என்றாளாம் பிலோமினா.
ஜெயநகர் ஆய்வுக்கூடத்தில் என் மேசைமேல் வைக்கும்போது
இதைச் சொல்லிச் சிரித்தாள்.
படிவத்தில் அவள் பெயர் நாற்பத்தேழு.

ஒரு நாள் முழுதும் சேர்க்க வேண்டும்.
விடியலின் முதல் நீரைக் கழித்துவிட்டு
மறு விடியல் வரை துளி தவறாமல்.
இன்சுலின் வந்து தட்டத் தட்ட
திறக்காத கதவுகள் எத்தனை என்று
வாசலில் வழிந்த நீரைக் கொண்டு கணக்கெடுக்கிறோம்.
எறும்பு மொய்த்தால் அறிந்தார்கள் அக்காலத்தில்.
எறும்புக்கும் முன்னால் அறிய
எங்களுக்கு ஒரு கோடி ரூபாய் இயந்திரம்,
அதற்குத் தனி ஏசி.

கேனைத் தூக்கினேன், கனமே இல்லை.
அளவுக்குவளையில் ஊற்றினால்
அறுநூற்றுப் பத்து மில்லி.
மற்றவர்கள் ரெண்டு லிட்டர் கொண்டுவருகிறார்கள்.
டாக்டர் ஹெக்டே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"பாதியை எங்கோ கொட்டியிருக்கிறாள்.
தள்ளுபடி என்று எழுது."

எழுதுமுன் கிரியாட்டினின் பார்ப்பது என் பழக்கம்.
தசை தேய்ந்து தினமும்
ஏறக்குறைய ஒரே கணக்கில் உதிர்க்கும் கழிவு அது.
தண்ணீர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும்
அதன் வருகைப்பதிவு மாறாது.
ஐம்பத்திரண்டு கிலோ பெண்ணிடம்
ஒரு நாளைக்கு எவ்வளவு வரவேண்டுமோ
அவ்வளவும் இருந்தது:
எண்ணூற்றுச் சொச்சம் மில்லிகிராம்.
எங்கும் கொட்டவில்லை அவள்.

மதிய இடைவேளை பார்த்து போன் செய்தேன்.
"லைன்ல அறுபது பேருங்க. கக்கூஸ் டோக்கன் ரெண்டு.
ஆணியில டோக்கன் இல்லன்னா அடக்கிக்கணும்.
அடக்குறதுக்குக் குடிக்காம இருக்கிறது சுலபம்.
பதினோரு வருசமா சோத்தோட ஒரு டம்ளர்தான்.
அன்னிக்குக் கேனோட ஓடினேன்னு
சூப்பர்வைசர் கால் மணி நேரம் பிடிச்சிட்டான்.
ஏங்க, கம்மியா இருக்கா?
அடுத்த தடவை ஜாஸ்தி பண்றேன்."

மற்ற குறிகளும் வந்து சேர்ந்தன.
அமிலம் மிகுதி, ஐந்து புள்ளி ஒன்று.
இனோசிட்டால் இரண்டில்
ஒன்று ஓங்கி ஒன்று ஒடுங்கி.
அல்புமின்
சல்லடை லேசாகக் கிழிந்ததைச் சொல்லத் தொடங்கியிருந்தது.
கட்டம் கட்டமாக நிரப்பினேன்.
டோக்கனுக்குக் கட்டம் இல்லை.
கடைசியில் 'குறிப்பு' என்று அரை வரி உண்டு,
அதில் நுணுக்கி எழுதினேன்.
ஹெக்டே ரெண்டு முறை படித்தார்.
"சரி, சேர்த்துக்கொள்வோம்.
ஆனால் இதை எந்த மாறியில் வைப்பது?"
என்னிடம் பதில் இல்லை. அவர் டீ குடிக்கப் போனார்.

நீரிழிவு என்கிறோம்.
இழிதல் என்றால் இறங்குதல், வழிதல்.
மலையில் அருவி இழியும்.
இழிவு என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு,
அதைத் தமிழில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
எங்கள் படிவம் ஆங்கிலத்தில்.

சனிக்கிழமை முடிவு வாங்க வந்தாள்.
ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்து
"இது நல்லதா, இது?" என்று கேட்டாள்.
நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்,
சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.
தலையாட்டினாள்,
பஸ்ஸில் கண்டக்டருக்கு ஆட்டுவதுபோல.

கதவு வரை போய்த் திரும்பினாள்.
"அந்தக் கேன் உங்களுக்கு வேணாம்னா
நான் எடுத்துக்கட்டுமா?
மூடி நல்லா இறுக்கங்க.
அவ்வளவு ஆட்டத்துலயும்
ஒரு சொட்டு வெளிய வரல."