சொல்லுக்கு ஒன்றேகால் ரூபாய்

நாயுடுபுரத்தில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
லேப்டாப்பில் பதினோரு சதவீதம்.
யோத்தெபோரிக் கடிதத்தில்
இன்னும் ஒரு பக்கம்.

ஸ்வீடிஷ் சொற்களைப் பசை போட்டு ஒட்டும்:
மூன்று சொல் வேலை,
ஒரு சொல் கூலி.

ஏஜென்சி துணைக்கு அனுப்பிய ஆங்கிலத்தில்
'அங்கிள்' என்றிருக்கிறது.
எந்த அங்கிள்?
பக்கத்து வீட்டுக்காரரா, பஸ் கண்டக்டரா?
மூலத்தில் அவள் எழுதியிருப்பது
மூர்ப்ரூர்.
அம்மாகூடப் பிறந்தவன்.

இரண்டு வயதில் தத்துப் போனவள்
நாற்பதில் தேடிப் பிடித்த முறை.

'தாய்மாமன்' என்று அடித்தேன்,
சார்ஜ் தீர்வதற்குள்.

பூம்பாறையிலிருந்து
பூண்டு மணக்கும் கையோடு
முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்.
உட்காரவில்லை.

"அந்த பாஷையில கேளுங்க மேடம்,
புள்ளைக்குக் காது
யார் மடியில வச்சுக் குத்துனாங்கன்னு."