மட்டம் பார்த்தல்

வேலியடியில் ஓர் ஆப்பு,
சமையலறைச் சுவரோரம் ஓர் ஆப்பு,
நடுவே பதினான்கு மீட்டர் ஈரப்புல்.
கண்ணாடிக் குழாயில் பீட்ரூட் சாறு கலந்த நீர்.
ஒரு நுனி என்னிடம், மறு நுனி கேலமிடம்.
"ஆடாதே, நைரி."
நான் எங்கே ஆடினேன்?
டனீடினில் தரைதான் காலைவிட்டுச் சறுக்கும்.

சிவப்பு இருபுறமும் ஏறி இறங்கி
ஒருவழியாக அடங்கியது.
மேட்டுக்கும் பள்ளத்துக்கும்
ஒரு மீட்டர் அறுபது.

இருபத்திரண்டு வருடம் இவ்வூர் ஏற்றங்களில்
பேருந்து ஓட்டியவள் நான்.
சரிவு என் வலது பாதத்துக்குத் தெரியும்.
மழையில், பள்ளிப் பிள்ளைகள் நெரிய,
பாதி மேட்டில் நின்று கிளம்பும்போது
என்ஜின் விடும் பெருமூச்சும் தெரியும்.
ஆனால் இரும்பின்மேல் இரும்பு வேறு பிறவி.
நூற்றுக்கு இரண்டு ஏறும்.
மூன்றென்றால் முனகும்.
நான்கென்றால்
பழுத்த இலை ஒன்று கிடந்தால் போதும்,
நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும்.

மளிகை ரசீதின் முதுகில் கேலம் கணக்குப் போட்டான்:
மேலே போய்ச்சேர எண்பது மீட்டர்.
பதினான்குக்குள் எண்பதை மடிக்கலாம்,
சிக்கல் விழுந்த நூல்கண்டு மாதிரி.
"அப்புறம் உருளைக்கிழங்கை என் தலையிலா நடுவாய்?"
என்றேன்.
தேநீர் ஆறியது.
பக்கத்து வீட்டுப் பூனை வந்து
அளவு நூலை அவிழ்த்துவிட்டுப் போனது.

அந்த அவிழ்ந்த நூலைப் பார்த்தபடிதான் கேட்டேன்,
கேட்டது நானா என்று எனக்கே ஐயம்:
"ரயில் ஏன் ஏறவேண்டும்?"

மேல்முனையில் நாற்பது சென்டிமீட்டர் மண்ணை வெட்டுவோம்.
கீழ்முனையில் தூண் ஊன்றி
ஒரு மீட்டர் இருபது தூக்குவோம்.
தோட்டம் தன்பாட்டுக்குச் சரியட்டும்.
பாதை சரியவேண்டாம்.

வேலியோரம் நின்றால்
பெட்டிகளின் கூரை மட்டும் தெரியும்,
மேகத்துக்குத் தெரிவதுபோல.
நடந்து இறங்கி வந்தால்
இடுப்பளவு, விலாவளவு.
சமையலறைக் கதவில்
அதே வண்டி நெஞ்சுக்கு நேராக வரும்.
சன்னலோரத்தில் பெயின்ட் உரிந்த பொம்மைப் பயணி
என்னைப் பார்ப்பான்,
நிறுத்தத்தில் எவளோ நிற்கிறாள் என்று.
நான் ஓட்டிய பேருந்திலிருந்து
இப்படித்தான் எத்தனை முகங்களைக் கடந்திருப்பேன்.

கேலம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான்.
"தண்டவாளம் துடைக்க
பாதி தூரம் குனியவேண்டாம்."
அவன் சம்மதம் அப்படித்தான் வரும்.

இருட்டும்வரை நூல் கட்டினோம்.
தெரு, கூரைகள், வேலிகள் எல்லாம்
துறைமுகம் பார்த்துச் சாய்ந்திருக்க
நூல் மட்டும் சாயாமல்.

காலையில் மூன்றாம் ஆப்பின் உச்சியில்
ஒரு நத்தை.
நான் சீட்டு கேட்கவில்லை.