நிறுத்தல்

கடைசி ரயில் போன பிறகும்
கொஞ்ச நேரம் காற்று அதன் பின்னாலேயே ஓடும்.
சுரங்கத்துக்குள் எங்கோ களைத்துத் திரும்பி
படிக்கட்டில் அது உட்கார்ந்த பிறகுதான்
நானும் ஹம்டானும் பெட்டியைத் திறப்போம்.

மஸ்ஜிட் இந்தியாவின் சேலைக் கடைகளுக்குக் கீழே,
குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் கீழே,
ஆற்றுக்கும் கீழே என்பான் ஹம்டான்
(நான் அளந்து பார்த்ததில்லை),
நடைமேடைத் தூணில் கட்டிய அலுமினியப் பெட்டி.
முதல் ரயிலிலிருந்து கடைசி ரயில் வரை
பேசாமல் மூச்சிழுக்கும்.
இழுத்ததை வெளியே விடுமுன்
ஒரு வட்டத் தாளில் வடிகட்டி வைக்கும்.
பருப்பு வடை அகலம்தான் அந்தத் தாள்.
வைத்தபோது வெள்ளை.
எடுக்கும்போது, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து
ஒரு பிள்ளை பொறுமையாய் நிழல் தீட்டியது போல.

பெரும்பாலும் இரும்பு.
சக்கரம் தண்டவாளத்திடம் விட்டுப்போனது,
தண்டவாளம் சக்கரத்திடம் இழந்தது.
ஒருமுறை ஹம்டான், பினாங்கில் வாங்கிய
டுரியான் வடிவக் காந்தத்தைக்
கழித்துப் போட்ட தாளின் அடியில் நகர்த்தினான்.
தூசிக்கு மயிர்க்கூச்செறிந்தது.
அன்றிரவு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

உருப்பெருக்கியில் வேறு சிலதும் தெரியும்:
துணி நார், உதிர்ந்த தோல்,
தீபாவளிக்கு முந்தைய வாரத்தில்
யாருடைய முந்தானையிலிருந்தோ பிரிந்து வந்த
ஜரிகைத் துணுக்கு,
அவ்வளவு இருட்டிலும் பொன்னாகவே.

"மூச்சு விடாதே" என்றார் புஷ்பலீலா
தராசு அறையில், என் முதல் நாளில்.
அந்தத் தராசுக்குத் தொட்டாற்சிணுங்கி மனசு.
பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டால்
ஆறாவது தசமம் கலங்கிப்போகும்.
கண்ணாடிக் கதவைச் சாத்தி, வாயைச் சாத்தி
எண் நிற்கும்வரை நின்றேன்.
ஊரார் மூச்சை நிறுத்துப் பார்க்க
என் மூச்சை நிறுத்தினேன்.
இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் என்பது
அன்றுதான் உறைத்தது.

புகைமூட்டம் வந்த மாதத்தில்
கோபுரங்கள் இடுப்போடு காணாமல் போயிருந்தன.
சனங்கள் நகரும் படிகளில் இறங்கி வந்து
முகக்கவசத்தை மோவாய்க்கு இழுத்து
அப்பாடா என்று நெஞ்சு நிறைய இழுத்தார்கள்.
நான் தூணருகே நின்றேன்.
என்ன சொல்வது? மேலே போங்கள் என்றா?

ரஃபிகுல் வருவது ரயில்கள் நின்ற பிறகு.
நீளத் துடைப்பம், ஒரு வாளி, காதில் சில்ஹெட்டுப் பாட்டு.
தண்டவாள ஓரத்தில் அவன் கூட்டும்போது
விளக்கைச் சுற்றி ஒரு சாம்பல் வட்டம் எழும்.
பெட்டியை அப்போது அணைத்துவைக்க வேண்டும், விதி.
துடைப்பத் தூசி கணக்கைக் கெடுக்கும்.
வரம்பு எழுதப்பட்டது ஏழு நிமிடம் காத்திருப்பவர்களுக்கு.
ரஃபிகுலின் கைக்குட்டையை
நான் ஒருமுறை தற்செயலாய்ப் பார்த்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பெட்டியை அணைக்க மறந்தேன்.
மறந்தேன் என்றுதான் ஹம்டானிடம் சொன்னேன்.
புதுத் தாள் போடவும் மறக்கவில்லை:
எண் நாற்பத்தொன்று. பதிவேட்டில் இல்லாதது.

காலையில் அதைத் தராசில் வைத்தபோது
புஷ்பலீலா பின்னால் வந்து நின்றார்.
தாளைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார்.
இருபத்தாறு வருடச் சேவை,
அடுத்த ஆண்டு ஓய்வு, மகளுக்கு ஈப்போவில் வீட்டுக் கடன்.
கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு
மெதுவாகச் சொன்னார்:
"மூச்சு விடாதே."

இந்த முறை அவர் தராசைப் பார்க்கவில்லை.

விட்டேன்.
எண் கலங்கியது,
மேலும் கீழுமாய்க் கொஞ்ச நேரம் தேடியது,
பிறகு
அதே இடத்துக்கே வந்து நின்றது.