ஐ, எஸ்

வேன் ஹூசன் பாதிரியாரின் ரெமிங்டனில்
முதலில் தேய்ந்தவை இரண்டு விசைகள்.
ஐ. எஸ்.
குடியாத்தத்திலிருந்து மலையேறி
மாதம் பதினெட்டு ரூபாய்க்கு நான் தட்டெழுத வந்தபோதே
இரண்டும் வழுக்கை.

அயோவாவில் சோளக்காட்டுப் பிள்ளை.
முப்பத்தொரு வயதில் தத்துவப் பேராசிரியர்.
அங்கி போட்டது அதற்கும் பிறகு.
பலமனேருக்கு ஏன் கப்பலேறினார் என்று
மூன்று காரணங்கள் சொன்னார்
வெவ்வேறு மூன்று மழைநாட்களில்.
ஒன்றிலும் ஆண்டவர் வரவில்லை.

இருத்தலைப் பற்றி ஒரு புத்தகம்,
பதினோரு வருடமாக அதே புத்தகம்.
எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இஸ் ஓடுகிறது என்பார்,
கவுண்டின்ய ஆறு மணலுக்குள் ஓடுவதுபோல.
தலையாட்டிக்கொண்டே தட்டுவேன்.
ஆற்றில் தண்ணீர் பார்த்து எனக்கு மூன்று கோடை.

அப்புறம் அந்தச் சந்தை.
சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளி
இதென்ன என்றார்.
"இதி சிந்தபண்டு" என்றாள் முனெம்மா.
துரைக்குத் தெலுங்கு எட்டவில்லையென்று
அடுத்த சாக்குக்காரர் தமிழில்: "இது புளி."

தொப்பி கக்கத்தில், உச்சி வெயிலில்
அசையாமல் நின்றார்.
இதுவுக்கும் புளிக்கும் நடுவே
இரண்டு பாஷையிலும்
ஒன்றுமே இல்லை.

வாங்குவதானால் வாங்கு, வெயிலை மறைக்காதே என்றாள்.
நான்கு வீசை வாங்கினார்.
வருடம் முழுக்க எங்களுக்குப் புளிக்குழம்பு.

அன்றிரவு சிவப்புப் பென்சில்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கங்களிலும்
இஸ்ஸைத் தேடித்தேடி அடித்தார்.
விடியவிடிய லாந்தருக்கு எண்ணெய் ஊற்றியது நான்.
அதற்குக் கூலி தனியாகத் தரவில்லை.

ஞாயிறு பிரசங்கத்தில்
"கடவுள்" என்றார்.
நிறுத்தினார்.
வெளியே ஒரு பாரவண்டி முழுதாகக் கடந்துபோனது.
"அன்பு" என்றார்.
மறந்துவிட்டாரோ என்று பதறி
முன்வரிசையிலிருந்து உபதேசியார் ஞானாபரணம்
அடியெடுத்துக் கொடுத்தார்:
"இருக்கிறார் ஐயா, இருக்கிறார்."

இவ்வருடம் எத்தனை ஞானஸ்நானம்
என்று தலைமையகத்திலிருந்து கடிதம்.
பதில் அடித்தது நான்தான்:
ஞானஸ்நானம் இரண்டு. கிணறு ஒன்று.
நாற்பத்தோரடியில் தண்ணீர்.

சம்பளம் நின்றது.
புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களைக்
கறையான் முந்திக்கொண்டது.
மலைக்காய்ச்சல் ஒன்பது நாள்.

கல்லில் பொறிக்க எழுத்துக்கு அரையணா.
அயோவாத் தங்கை அனுப்பிய வாசகம்
ஆங்கிலத்தில் ஏழு வரி.
கட்டுப்படியாகவில்லை.
"வேன் ஹூசன், பாதிரி" என்று
தாளில் எழுதிக் கொடுத்தேன்.

கல்தச்சன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இருந்தாருன்னு போட வேணாமா?"

நான் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தேன்.