வரிக்கு நாற்பது பைசா

பொம்மனஹள்ளியில் ஐந்தாம் மாடி.
கீழே பிரியாணிக் கடை ஷட்டர் இறங்கும் சத்தத்தில்
என் வேலை தொடங்கும்.
திரையில் மாசசூசெட்ஸ் கரையோரம் ஒரு சின்ன ஊர்,
ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று,
சபைப் புத்தகம், ஸ்கேன் எண் இருநூற்றுப் பன்னிரண்டு.

விதிகளைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள்:
எழுத்துப்பிழையைத் திருத்தாதே.
ஊகிக்காதே.
வாசிக்க முடியாததற்கு ஒரு குறி உண்டு, அதைப் போடு.

அவர்களுடைய எஸ் நீண்டு வளைந்து எஃப் போல நிற்கும்.
பாவம் என்று வரவேண்டிய இடத்திலெல்லாம்
முதல் வாரம் முழுக்க
மீனின் துடுப்பு என்று அடித்துத் தள்ளினேன்.
'தன் துடுப்பை அறிக்கையிட்டு அழுதாள்.'
வினுதா சிரித்துச் சிரித்து இருமினாள்,
பிறகு சம்பளத்தில் பதினோரு ரூபாய் பிடித்தாள்.

அங்கே நல்ல குளிர் போல.
மசி உறைந்ததால் நேற்று எழுதவில்லை
என்று மறுநாள் எழுதியிருக்கிறார் எழுத்தர்.
இங்கே ஏசி பதினெட்டில் நிற்கிறது,
ரிமோட் யாரிடம் என்று தெரியவில்லை.

இரண்டு பக்கம் தள்ளி ஒரு நிலப் பத்திரம்.
ஆற்றுக்குக் கிழக்கே கண்ணுக்கெட்டியவரை.
விலை: ஆறு மேலங்கி, ஒரு செப்புக் கொப்பரை.
விற்றவர் பெயரை மூன்று விதமாக எழுதிப் பார்த்திருக்கிறார்,
மூன்றும் மூன்று ஆட்கள் போல இருக்கின்றன.
கையெழுத்துக்குப் பதில் அவர் வரைந்தது
நாண் ஏற்றிய ஒரு வில்.
அதற்கும் ஒரு குறிதான். போட்டேன்.

அந்த ஊரில் ஒருத்தியின் பெயர் சைலன்ஸ்.
மௌனம் என்று பெயர் வைத்துவிட்டு
சபை நடுவே நிறுத்திப் பேசச் சொல்கிறார்கள்:
கிருபை உன்னை எப்போது தொட்டது? எந்த வசனத்தில்?
தயங்கினால், இன்னும் தொடவில்லை.
தயங்காவிட்டால், பெருமை பேசுகிறாள்.
இத்தனைக்கும் பட்டியல் எப்போதோ தயாராம்,
உலகம் உண்டாகும் முன்பே,
யார் உள்ளே, யார் வெளியே என்று.
பார்த்தவர் யாருமில்லை.

நம்முடையதும் தயார் என்கிறான் அடுத்த மேசை கௌஸ்.
கையெழுத்தைத் தானே வாசிக்கும் மென்பொருள் வந்தாயிற்று,
ஜூனுக்குப் பிறகு யார் யார் என்று
மேலே முடிவாகிவிட்டதாம்.
அதுவரை எல்லாரும்
தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மாதிரியே
வேகமாக அடிக்கிறோம்.

சைலன்ஸ் சொல்கிறாள், சொல் சொல்லாக அடிக்கிறேன்:
பிரசங்க நேரத்தில் என் மனம்
அடுப்பில் விட்டுவந்த பட்டாணியின் மேல் இருந்தது.
பிள்ளை செத்த வாரம் ஜெபித்தேன், ஒன்றும் கேட்கவில்லை.
பசு கன்று போட்ட இரவில் ஜெபிக்காமலே ஏதோ கேட்டது.
அதை ஆண்டவர் என்று சொல்ல
எனக்குத் துணிவில்லை.

லிங்கராஜபுரம் ஜெபவீட்டில், பத்தொன்பது வயதில்,
என் கையிலும் மைக்கைக் கொடுத்தார்கள்.
சாட்சி சொல்லு, ஜெனிட்டா.
டைபாய்டு காய்ச்சலை வைத்து ஒன்று சொன்னேன்.
காய்ச்சல் வந்தது அக்காவுக்கு.
அல்லேலூயா என்றார்கள்.

கடைசி வரி: அதன் பிறகு நான் கண்டது
அடுத்த சொல்லின் முதல் எழுத்தைப் பூச்சி தின்றிருக்கிறது.
ஒளி என்று வாசிக்கலாம். இரவு என்றும்.
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்துதான்.
கீழே வேறொரு கை எழுதியிருக்கிறது: சபை ஏற்கவில்லை.

மென்பொருள் ஒளி என்று மஞ்சளில் காட்டியது,
எழுபத்தொரு சதவீதம் உறுதி.
தட்டினால் போதும், பக்கம் நகர்ந்துவிடும்.
குறியைப் போட்டேன். அழித்தேன்.
பட்டாணி கரிந்திருக்குமா என்று யோசித்தேன்.
மறுபடி போட்டேன்.

அந்த ஒரு வரிக்கு இருபத்திரண்டு நிமிடம்
என்று பதிவாகியிருக்கிறது.
காரணம் கேட்கும் கட்டத்தில்
நெட் போய்விட்டது என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.