எண்பத்திரண்டு வோல்ட்

கோத்தகிரியில் மூடுபனிக்கு வேலை நேரம் கிடையாது.
சன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்துவிட்டு
வோல்ட்டை ஏற்றுகிறான் போஜன்.

அரிசிமணியில் பாதிகூட இல்லாத கண்ணாடி.
தலைமுடியைவிட மெல்லிய இரண்டு கீல்கள்.
அடியில், தொடாமலே இழுக்கும் தகடு.

அறுபது: தலை சாய்க்கிறது.
எழுபது: இன்னும் கொஞ்சம்.
பதினோராம் இழையிலிருந்து பன்னிரண்டுக்கு
ஒளி நடந்து போகிறது
செருப்புச் சத்தமில்லாமல்.

எண்பத்திரண்டு.
பாதி வழிகூட வரவில்லை
சட்டென்று விழுந்துவிட்டது.
கணக்கிலேயே இருந்ததுதான்:
நெருங்க நெருங்க இழுப்பு எகிறும்,
கீலுக்கோ பிடிவாதம் ஒரே அளவு.

மின்சாரத்தை அணைத்தோம். எழவில்லை.
கண்ணுக்குத் தெரியாத ஈரம்
இரண்டையும் ஒட்டிவைத்திருந்தது.
“உங்க ஊர்ப் பனி” என்றேன்.
“உங்க டிசைன்” என்றான்.

இரவு, வரைபடத்தில்
தகட்டைப் படிப்படியாக வெட்டினேன்
தேயிலைச் சரிவு மாதிரி.
விளிம்பு வந்து மோதும் இடத்தில்
நான்கு சிறு முட்டுகள்,
முழுதாய்ப் படுத்துவிடாதிருக்க.
விழாதே என்று எழுத
அதில் இடமில்லை.

காலையில் பார்த்த போஜன்
ஒன்றும் சொல்லாமல்
ஐந்தாவதாக ஒரு முட்டு வரைந்தான்.
பிறகு சாக்கை உருவி
வெயிலில் போடப் போனான்.